எட்டவில்லை என்று எழுதிவிட்டு மேலே போவது

1

"அந்த வரிய எடுத்துடு, கூமோ."

"எந்த வரிய?"

"தெரியாத மாதிரி கேக்காதே. ஒக்னியென் பேர் இருக்கிற—"

"தோல ஒழுங்கா உரி கூமே, பாதி கறுப்பு அப்படியே சட்டிக்குள்ள போகுது—"

"—வரிய. நான் மிளகாயப் பத்திப் பேசல."

"நான் மிளகாயப் பத்தித்தான் பேசறேன். வரிய எடுக்க மாட்டேன். பேச்சு முடிஞ்சது."

"உனக்கு முடிஞ்சிருக்கும். அதுக்குக் கீழ என் பேரு வேணும்னா எனக்கும் முடியணும்."

"வேணும்னுதானே காலையிலேர்ந்து கெஞ்சிக்கிட்டிருக்கேன்."

"நீயா? கெஞ்சறியா? மெரட்டற."

2

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பால்கனிக்கும் பால்கனிக்கும் நடுவே சொரசொரப்பான கண்ணாடித் தடுப்பு ஒன்று இருக்கிறது. குரல் அதைத் தாண்டி வரும், முகம் வராது. செப்டம்பர் மாதத்து ஞாயிறு. செர்பியாவின் நோவி சாத் ஊரே குளிர்காலத் தொக்குக்காக மிளகாய் சுடும் வாசனையில் கிடந்தது. என் பால்கனியில் நானும் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர்கள் இருவரும் உரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். எனக்குக் கதைகள் எப்போதும் பேச்சாகத்தான் வரும். ஆள் எப்படி இருப்பார், சட்டை என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு யாராவது கேட்டால் யோசித்துக்கொள்வேன். அவர்கள் பேசியது செர்பிய மொழி. என் காதில் விழும்போது அது தமிழாகிவிட்டிருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

ராத்மிலா என் பக்கத்து வீட்டுக்காரி. வந்தவர் திஹோமிர், அவளுடைய கூம்; அவர் அவளைக் கூமோ என்பார், அவள் அவரைக் கூமே என்பாள். அவள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். பிறகு அவருக்கு மகன் பிறந்தபோது ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்திப் பெயர் வைத்தவள் ராத்மிலா. கூம் உறவில் 'மாட்டேன்' என்ற சொல் கிடையாது. ரத்த உறவோடு பேசாமல் இருந்துவிடலாம், கூமோடு முடியாது. ஆகவேதான் இருவரும் ஒரே சட்டிக்கு எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்னை உரிப்பதை நிறுத்த வைத்தது.

(ராத்மிலாவின் கணவர் எங்கே என்று கேட்பீர்கள். டான்யூபில் மீன் பிடிக்கப் போயிருந்தார். கதைக்கு அவர் வேண்டாம்.)

3

இதை வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். முதலில்:

வடக்கே, கால்வாய்க் கரையில் இருந்த நீரேற்று நிலையத்தில், மழை பெய்த ஒரு வசந்த காலத்துக் காலையில், யாரும் எதிர்பாராத—

விட்டுவிட்டேன். 'யாரும் எதிர்பாராத' என்று எழுதியதும் எழுதியவளுக்கே கை கூசிவிட்டது. பிறகு:

திஹோமிர் அதிகம் பேசாதவர். அவருடைய மௌனம்—

இதுவும் பொய். அவர் பேசிக்கொண்டேதான் இருப்பார், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் ராத்மிலா காப்பிக்கு வந்தபோது அவர்களுடைய தொழிலையும் பழைய கதையையும் பற்றி மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். கெர்னல் என்பார்கள். மற்ற நிரல்கள் விழுந்தால் அது தூக்கிவிடும். அது விழுந்தால் தூக்க ஆளில்லை. ஆனால் விழுவதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு விழும்: இந்த இடத்தில், இந்தக் கருவியால், இந்தக் காரணத்தால் போகிறேன் என்று. அந்த வாக்கியத்தை முன்கூட்டியே முழுதாக எழுதி வைக்க முடியாதல்லவா? அதனால் நடுவே பள்ளம் விட்டு எழுதி வைத்திருப்பார்கள். '____ என்ற கருவி பதில் சொல்லவில்லை.' அந்தப் பள்ளத்தை நிரப்புவது ஒரு சின்ன நிரல்துண்டு. அதன் கையில் பெயரைக் கொடுக்க மாட்டார்கள். பெயர் இருக்கும் முகவரியைத்தான் கொடுப்பார்கள். அது அங்கே போய், எழுத்தெழுத்தாக எடுத்து வந்து பள்ளத்தில் வைக்கும்.

முகவரி தப்பாக இருந்தால்? போன இடத்தில் தரை இருக்காது. நிரப்பப் போனதும் விழும், வாக்கியமும் பாதியில் நிற்கும். சாகும் நேரத்தில் காரணம் சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல்லிலேயே மூச்சடைத்துப் போவது மாதிரி.

அந்த நீரேற்று நிலையத்தில் நடந்தது இதுதான். நின்றுபோன கணினியின் திரையில் பெயருக்கு முன்னால் வரும் மேற்கோள்குறி மட்டும் இருந்தது. எந்தக் கருவி என்று சொல்வதற்கு முன்பே நின்றுவிட்டது. வயலில் தேங்கும் மழைநீரைக் கால்வாய்க்கு இறைக்கும் பம்புகள் அவை; ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குள் பீட்ரூட் வயலில் முழங்காலளவு தண்ணீர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, விவசாயிகள் கெட்ட வார்த்தை சொன்னதைத் தவிர.

உலகம் முழுக்க ஓடும் அந்தக் கெர்னலில், அந்தச் சின்னத் துண்டைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ராத்மிலாவும் ஒருத்தி. திருத்தம் எழுதினாள். இப்போது அவர்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை அதில்தான். திருத்தம் அனுப்புகிறவர், எந்தப் பழைய மாற்றத்தால் இந்தப் பிழை வந்தது என்று ஒரு வரியில் எழுத வேண்டும். அந்தப் பழைய மாற்றத்தை எழுதியவருக்கும் மெயிலின் ஒரு நகல் போக வேண்டும். இன்னொரு கை தேர்ந்த ஆள் படித்துப் பார்த்து, 'நான் பார்த்தேன், சரி' என்று தன் பெயரைக் கீழே போட வேண்டும்.

அந்தப் பழைய மாற்றத்தை எழுதியவன் ஒக்னியென், திஹோமிரின் மகன். அதன் கீழே 'நான் பார்த்தேன், சரி' என்று பெயர் போட்டிருந்தவர் திஹோமிர்.

4

"பையன் மேல பழி போடற."

"பழி இல்ல கூமே. வழக்கம். நீதான் எனக்குக் கத்துக் குடுத்த வழக்கம்."

"காலேஜ்ல இருந்தப்ப எழுதினது அது."

"நல்லாத்தான் எழுதியிருக்கான். முகவரி வெறுமையா இருந்தா பிடிக்கிறான். வெறுமையா இல்லாம தப்பா இருந்தா விட்டுடறான். அவ்வளவுதான். நீயும் பாத்திருக்கலாம்."

"நான் பாக்கல."

"தெரியும்."

"பெருமையில கையெழுத்துப் போட்டேன். போதுமா?"

"போதும். தோல உரி."

சட்டியில் மிளகாய் விழும் சத்தம்.

"அது போகட்டும். நீ எழுதியிருக்கறதே அடிப்படையில தப்பு."

"ஆரம்பிச்சுட்டான்."

"தப்பு முகவரி வந்தா விழணும். சத்தமா விழணும். அப்பத்தான் எவன் குடுத்தான்னு தேடிப் போய்ப் புடிப்பாங்க. நீ என்ன பண்ற? அடைப்புக்குறி போட்டு 'எட்டவில்லை'ன்னு எழுதிட்டு மேல போற. பத்து வருஷம் அடைப்புக்குறியோடயே குடும்பம் நடத்துவாங்க, கூமோ. ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"சாகப்போறவன் வாயில போய் ஒழுங்கு கத்துக் குடுப்பியா? அவன் சொல்ல வந்ததச் சொல்லி முடிக்கட்டும். ஒரு சொல்லு இல்லன்னா மத்த சொல்லுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"அந்த ஒரு சொல்லுதான் வேணும்!"

"இல்லையே கூமே. இல்லாதத எங்கேர்ந்து எடுக்கறது?"

இந்த இடத்தில் இருவரும் திருத்தத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சத்தியமாகச் சொல்கிறேன். கதை எழுதுகிறவள் வேறு எதையோ புகுத்துகிறாள் என்று நினைக்காதீர்கள். அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது.

5

ஒக்னியென் என்ற பாத்திரத்தை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவனுடைய குரல் என் காதில் இல்லை. எழுதிப் பார்க்கிறேன்:

ஒக்னியென் இப்போது (இல்லை) நகரத்தில், (இல்லை) நிறுவனத்தில் வேலை செய்கிறான். அவனுக்கு மனைவி (இல்லை), குழந்தை (இல்லை).

படித்துப் பார்த்ததும் திக்கென்றது. அடைப்புக்குறிக்குள் 'இல்லை' என்று போட்டதும் பையனுக்கே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இதை ராத்மிலாவும் யோசித்திருக்கிறாள். அவளுடைய திருத்தத்தில் இரண்டு அடைப்புக்குறிச் சொற்கள். யாரும் முகவரியே கொடுக்கவில்லை என்றால் '(வெற்று)'. கொடுத்தார்கள், போனேன், கிடைக்கவில்லை என்றால் '(எட்டவில்லை)'. இரண்டும் ஒன்றல்ல என்று அவள் மேசையைத் தட்டிச் சொன்னாள். ஆகவே:

ஒக்னியென் இப்போது (எட்டவில்லை) நகரத்தில் வேலை செய்கிறான். வடக்கே எங்கோ, குளிர் அதிகம்.

இது பரவாயில்லை. மேலே போகலாம்.

அவன் ஏன் வீட்டை விட்டுப் போனான்? அவனுடைய முதல் மாற்றத்தை அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏற்றபோது, உலகத்துக் கெர்னல்காரர்கள் எல்லாரும் படிக்கும் மெயில் குழுவில் யாரோ ஒருவர் கேலி செய்தார்: குடும்பத் தொழிலா என்று. அதனால் மகன் இரண்டாவது மாற்றத்தை அனுப்பியபோது திஹோமிர் அதே குழுவில், அத்தனை பேர் முன்னால், வரி வரியாகக் கிழித்தார். 'இதை எழுதியவர் அனுப்புவதற்கு முன் ஒரு முறையாவது படித்தாரா?' என்று முடித்திருந்தார். 'எழுதியவர்'. மகனே என்றும் இல்லை, பெயரும் இல்லை. பையன் அப்போது அடுத்த அறையில் இருந்தான். அம்மா அவன் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். நடுவே வர ஆளில்லை.*

* ஒரு சந்தேகம் எனக்கே இருந்தது. இந்தக் காலத்தில் ஒருவன் இப்படி மறைந்து போக முடியுமா? தொலைபேசி, படம், நண்பர்கள்? ராத்மிலாவிடம் கேட்டேன். "மறையறதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாங்க. மொத ரெண்டு புத்தாண்டுக்கு எழுதினான். இவர் பதில் போடல. அப்புறம் நம்பர் மாறிச்சு. எனக்கும் எழுதறத விட்டான், என்கிட்ட சொன்னா அப்பாகிட்டப் போகும்னு தெரியும். ரெண்டு பக்கமும் சும்மா இருந்தாப் போதும்" என்றாள். பதில் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நம்பினேன்.

6

"படிச்சாவது பாரேன். படிக்காமலே எத்தன நேரம் திட்டுவ?"

"கை கறுப்பா இருக்கு."

"கண்ணு கறுப்பா இல்லையே? மடிக்கணினிய ஸ்டூல்ல வெச்சிருக்கேன். நான் கை மூட்டால தட்டித் தட்டி நகத்தறேன். நீ படி."

"எண்ணெய் படும்."

"என் கணினி, என் எண்ணெய்."

டக். டக். மூட்டு எலும்பு விசையில் படும் சத்தம். மூச்சு விடும் சத்தம். திஹோமிர் படிக்கும்போது மூக்கால் முனகுவார், மருத்துவர் எக்ஸ்-ரே பார்ப்பது போல.

"இத எதுக்கு எட்டிப் பாக்கற?"

"முகவரி நல்லதான்னு தெரிய வேணாமா? முழுசா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு எழுத்த எட்டிப் பாக்கறேன். கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு. தரை இல்லன்னா திரும்பி வந்துடலாம்."

"ம்... இது நல்லா இருக்கு."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கீழ போ."

டக்.

"நில்லு. இது என்ன?"

"எது? அதுவா? தப்பு முகவரின்னு தெரிஞ்சா ஒரு எச்சரிக்கை போடறேன். பெருசா, சிவப்பா. உனக்காகத்தான் கூமே. நீ சத்தம் வேணும்னு சொல்லுவேன்னு தெரியும்."

"எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்குக்குள், பிறகு வாய்விட்டு. ஏதோ உருண்டது, சட்டியின் மூடியாக இருக்க வேண்டும்.

"என்னடா சிரிப்பு? சொல்லிட்டுச் சிரி!"

"கூமோ. எச்சரிக்கைய யாரு அச்சடிப்பா?"

"கெர்னல்."

"கெர்னல்ல யாரு?"

டக். டக். அவள் மேலே நகர்த்தித் தேடும் சத்தம்.

"எச்சரிக்கை வரும்போது கூடவே என்னென்ன அச்சாகும், சொல்லு. சொல்லேன், நான் உனக்குக் கத்துக் குடுத்ததுதானே?"

"அப்ப ஓடிட்டிருக்கற... கருவிங்களோட பேரெல்லாம்."

"அந்தக் கெட்ட பேரும் அதுல இருக்கு. அதே துண்டுதான் அதையும் நிரப்பப் போகும். மறுபடி எட்டாது. மறுபடி எச்சரிக்கை. எச்சரிக்கைக்குள்ள எச்சரிக்கை. அது பாட்டுக்குத் தன்னையே திட்டிக்கிட்டுச் சுத்தும். சொல்ல வந்தது ஒண்ணும் வெளிய வராது."

"ஐயோ."

"பீட்ரூட் வயல்ல கப்பல் விடலாம்."

"வாய மூடு. ஐயோ கடவுளே, இத நான் உலகத்துக்கே அனுப்ப இருந்தேனே!"

"அதுக்குத்தானே ரெண்டாவது ஆள் பேரு கேக்கறாங்க."

இருவரும் சிரித்தார்கள். நானும் தடுப்புக்கு இந்தப் பக்கம் சிரித்துவிட்டேன். அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு திஹோமிர் பேசினார். இன்னும் தொழில் குரலில்தான் பேசினார்.

"எச்சரிக்கைய எடுத்துடு. இந்த இடத்துல திட்டக் கூடாது. திட்டற வாயும் இதுதான், பேசற வாயும் இதுதான். எட்டலன்னு எழுதிட்டு மேல போக விடு. எவன் குடுத்தான்னு அப்புறம் உக்காந்து தேடிக்கலாம். மொதல்ல பேச்சு முழுசா வரணும்."

ராத்மிலா அப்போது குத்திக்காட்டாமல் இருந்ததற்காக அவள்மேல் எனக்கு மரியாதை கூடிற்று. நானாக இருந்தால் 'இப்ப என்ன சொன்னே, திரும்பச் சொல்லு' என்றிருப்பேன்.

7

இங்கே நான் திஹோமிரின் மனதுக்குள் போகிறேன். அனுமதி கேட்கவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் அவர் நெகிழ்ந்துவிட்டார்; அவ்வளவு சீக்கிரம் நெகிழ்கிறவர் அல்ல அவர். ஆகவே வெளியே வந்து, காதில் விழுந்ததையே எழுதுகிறேன்.

"என் பேரப் போட்டுக்கோ."

"போட்டுக்கறேன். வரி?"

"வரி இருக்கட்டும். நகல் மட்டும் அனுப்பாத."

"வரி இருந்தா நகல் போகணும் கூமே. பேர எழுதிட்டு ஆளுக்குச் சொல்லாம இருக்கறது கோழைத்தனம். அவன் பேரு உலகத்துல முதல்ல என் வாயிலேர்ந்துதான் வந்தது. சாமியார் முன்னாடி, நீ பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டிருந்தப்ப. அந்தப் பேர எழுத எனக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

"நான் அழல."

"மூக்கு சிந்தின சத்தம் கோயில் முழுக்கக் கேட்டுச்சு."

"ஜலதோஷம்."

"கூமே. உனக்கு என்ன பயம்? அவன் கோவிச்சுக்குவான்னா? ஏற்கெனவே கோவமாத்தான் இருக்கான். ஊர் சிரிக்கும்னா? இது மாதிரி தெனம் நூறு திருத்தம் போகுது, எவன் பாக்கறான்?"

"அது இல்ல."

"பின்ன?"

கீழே யாரோ பீப்பாய் உருட்டிக்கொண்டு போனார்கள்.

"திரும்பி வந்துடுச்சுன்னா?"

"எது?"

"மெயிலு. இந்த முகவரியில யாரும் இல்லன்னு திரும்பி வருமே, அது. அவன் அந்த முகவரிய எப்பவோ மூடியிருக்கலாம். இப்ப வரைக்கும் எங்கிட்ட ஒரு முகவரி இருக்கு. எழுதணும்னு நெனச்சா எழுதலாம். தெனம் நெனச்சுக்கறேன், எழுதலாம்னு. நீ அனுப்பி, அது திரும்பி வந்துட்டா... அப்புறம் எங்கிட்ட அதுவும் கெடையாது."

"எட்டிப் பாக்காம எப்படித் தெரியும்?"

"தெரியாம இருந்தே ஒரு மாதிரி ஓட்டிட்டேன், கூமோ."

"அடைப்புக்குறியோடயே குடும்பம் நடத்திட்ட."

இதைக் கேட்டு அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மிளகாய்க் காம்பு ஒன்றைக் கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

8

வாசகரே, எப்படி முடிப்பது? முடிவுகள் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.

மெயில் போய்ச் சேர்கிறது. சட்டியில் மிளகாய் வற்றுவதற்குள் ஒக்னியெனிடமிருந்து பதில் வருகிறது: 'நான் பார்த்தேன், சரி' என்று, அவன் பெயரும் அப்பா பெயருக்குக் கீழே. எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. இவ்வளவு வருட மௌனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் உடையுமா?

மெயில் திரும்பி வருகிறது. திஹோமிர் அதைப் படிக்கிறார், விழவில்லை. 'எட்டவில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த மிளகாயை எடுக்கிறார். இது கதைக்குப் பொருந்துகிறது, ரொம்பப் பொருந்துகிறது. பெட்டிக்குள் பெட்டி கச்சிதமாக உட்காருவது போல. ஒரு மனிதரை என் கதையின் கச்சிதத்துக்காக அந்த நாற்காலியில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

திரும்பியும் வராமல், பதிலும் வராமல்—

இதை எழுதி முடிக்கவே இல்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிந்துகொண்டிருக்கலாம். மறுநாள் காப்பிக்கு வந்த ராத்மிலா கெர்னலைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அப்புறம் என்னாச்சுன்னா..." என்று வாயெடுத்தாள். நான் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன். அவள் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் புரிந்துவிட்டது, சிரித்துக்கொண்டே கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கதை முதல் நாளே, தடுப்புக்கு அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. விரல் விசையை அழுத்தியதா என்று கண்ணாடி வழியாகத் தெரியாது. குரல் மட்டும்தான். கேட்டதை அப்படியே தருகிறேன். பள்ளத்தை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது அடைப்புக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

குழாயில் தண்ணீர் விழுந்தது. நின்றது. நாற்காலி இழுபட்டது.

"கழுவிட்டியா?"

"கழுவிட்டேன். நகத்துல போகல."

"என் கை இன்னும் மோசம், பாரு. அனுப்பற பொத்தான நீயே அழுத்து."

"நானா?"

"உன் பேரும் இருக்கில்ல அதுல. எச்சரிக்கைய எடுத்துட்டேன். நகல்ல அவன் பேர் இருக்கு. எழுத்துப்பிழை இருந்தாப் பாரு."

"எழுத்துப்பிழை இல்ல."

"அப்ப அழுத்து."

"அழுத்தறேன், அழுத்தறேன். அவசரப்படுத்தாத."

"ஒண்ணும் அவசரமில்ல. மிளகாய் இன்னும் அர மூட்டை இருக்கு."

"கூமோ."

"ம்?"

"அவன் இன்னும் அந்த முகவரியிலதான் இருக்கானா?"